ஆறாவது மாடியில் இருந்த சாவி

குவைத்தின் ஃபஹாஹீலில் நாங்கள் இருப்பது ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில். ஆறாவது மாடியில் இன்னொரு தமிழ்க் குடும்பம். பன்னிரண்டு வருடங்களாக எங்கள் வீட்டு மாற்றுச் சாவி அவர்களிடம், அவர்களுடையது எங்களிடம். என் மனைவி நர்ஸ், டியூட்டி நேரம் மாறிக்கொண்டே இருக்கும். நான் வர ஐந்தரை ஆகிவிடும். அவசரத்துக்குக் கூப்பிட இங்கே எங்களுக்குச் சித்தியோ மாமாவோ கிடையாது.

என் மகளும் அந்த வீட்டுப் பெண்ணும் ஒரே ஸ்கூல் பஸ்ஸில் ஏறி, ஏதாவது ஒரு வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பதினொன்றாம் வகுப்பில் மாணவர் தலைவி பதவிக்கு இருவருமே நின்றார்கள். தேர்தலுக்கு முந்தின வாரம், என் மகளுக்குப் பதற்றம் வந்தால் மூச்சு முட்டி மயக்கம் வரும் என்ற விஷயம் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. அது எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒருத்திதான் ஜெயித்தாள். இருவருக்கும் பேச்சு நின்றது. என் மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோக ஆரம்பித்தாள்.

மகளுடைய டேப்லெட்டுக்குச் சின்ன வயதில் நான்தான் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். அவள் எழுதுவதெல்லாம் என் போனிலும் வரும் என்பதை அவளும் மறந்திருந்தாள், நானும் மறந்திருந்தேன். தூசிக்காற்று அடித்த ஒரு மத்தியானம், ஆபீஸில் ஏதோ தேடும்போது அவளுடைய ஒரு கோப்பு திறந்துகொண்டது. ஆங்கிலத்தில் ஒரு கதை. தோழிகளாக இருந்து எதிரிகளான இரண்டு பெண்கள். ஒருத்தியின் வீட்டுச் சாவி மற்றவளிடம் இருக்கிறது. "அவள் எப்போது தனியாக இருப்பாள் என்று எனக்குத் தெரியும்" என்று எதிரி சொல்கிறாள்.

நடுவில் பல பக்கங்கள். நான் நிதானமாகப் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அங்கே என் கண் முன்னாலேயே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

"நான்காவது மாடியில் இறங்கினேன். உள்ளே சத்தமே இல்லை. சாவியை நுழைத்தேன்."

தனக்கு நடக்கப்போவதை நினைத்து மகள் பயந்து எழுதுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. மகளை மூன்று முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மனைவி டியூட்டியில். டாக்ஸி பிடித்தேன். வழியெல்லாம் அந்தச் சாவி எங்கள் கதவில் திரும்புவதுதான் தெரிந்தது.

வீட்டில் மகள் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். "என்னப்பா, சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றாள். அப்படியே ஆறாவது மாடிக்கு ஏறினேன்.

"வாங்கண்ணே! லிஃப்ட் மாடி மாறி நின்னுடுச்சா?" என்று சிரித்தபடி கதவைத் திறந்தார் அந்தப் பெண்ணின் அம்மா.

"எங்க சாவி வேணும்மா."

"உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்களா?"

"இல்ல. இனிமே எங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் சிரிப்பு நின்றது. "நாங்க என்னண்ணே திருடிட்டோம்?"

உள்ளே போய், மணிகள் கோத்த கொத்தோடு சாவியைக் கொண்டுவந்து நீட்டினார். சிறுமிகளாக இருந்தபோது இருவரும் சேர்ந்து கோத்த மணிகள். "எங்களுதையும் இன்னிக்கே குடுத்தனுப்பிடுங்க. கலாஸ், எல்லாம் முடிஞ்சுது," என்றார். பின்னால் சோபாவில் அந்தப் பெண், மடியில் டேப்லெட்டோடு. விரல்கள் அப்படியே நின்றிருந்தன. என்னையே பார்த்தாள்.

கீழே வந்தபோது மகள் வாசலில் நின்றிருந்தாள். டேப்லெட்டை என் முன்னால் நீட்டினாள். கதையில் புதிதாக ஒரு வரி: "அவளுடைய அப்பா வந்து சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்."

"இதப் படிச்சீங்களாப்பா? ஒரு சாப்டர் நான், ஒரு சாப்டர் அவ," என்றாள். "நேர்ல பேசிக்க மாட்டோம். இது மட்டும்தான் இருந்துச்சு."

"அவ நம்ம வீட்டுக்குள்ள வர்ற மாதிரி..."

"நான் உள்ள மயங்கிக் கிடக்கேன்பா. அது நான் எழுதினது. கதவு பூட்டியிருக்கு. சாவி அவகிட்ட. உள்ள வந்து என்ன செய்றாங்கறத அவதான் எழுதணும்."

"என்ன செய்வா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தானே ரெண்டு மாசமா எழுதிட்டிருந்தேன்."

அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் மேலே போனேன். அந்தப் பெண்தான் கதவைத் திறந்தாள். எங்கள் சாவியை மறுபடி நீட்டி, "தப்பு என்னோடதும்மா," என்றேன். அவள் வாங்கவில்லை.

"அவ வந்து குடுக்கட்டும் அங்கிள்."

அதை மகளிடம் சொன்னேன். அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். சாவியைச் செருப்பு அலமாரி மேல் வைத்தேன். நான்கு நாள் அங்கேயே கிடந்தது.

இன்று காலை அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போன பிறகு பார்த்தேன். சாவியைக் காணவில்லை. மேலே போனதா, அவள் பைக்குள் போனதா, குப்பைக்கா, தெரியவில்லை. கதை இன்னும் என் போனில் இருக்கிறது. திறந்தால் தெரிந்துவிடும். காலையிலிருந்து போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.