சீட்டில் இடம் மாறிய பெயர்

நேசபாய் ஜெபிக்க ஆரம்பித்தால் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். பகலெல்லாம் அண்டி ஆபீஸில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கிறவளுக்கு இத்தனை வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று போதகரே ஒருமுறை வியந்தார். அந்தப் பாராட்டை அவள் மறக்கவே இல்லை.

அந்த வாய்தான் வினையானது. குழித்துறையில் கட்டிக்கொடுத்த மகள் ஷைஜா, இரண்டாம் தடவையும் கரு கலைந்ததை அம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதிருந்தாள். நேசபாய் அதை அடுத்த கூட்டத்திலேயே ஆண்டவரிடம் கண்ணீரோடு, எத்தனையாவது மாதம் என்பது வரைக்கும் விவரமாகச் சொன்னாள். ஆண்டவரோடு சேர்ந்து நாற்பது பெண்களும் கேட்டார்கள்.

மறுநாள் ஷைஜா போனில் கேட்டது ஒன்றுதான். "நீ ஆருகிட்ட ஜெபிச்ச?"

அதோடு பேச்சு நின்றது. மூன்று வருடம்.

நேசபாய் விடவில்லை. தினமும் விடியுமுன் முழங்காலில் நின்றாள். ஞாயிறுதோறும் சபையில் விண்ணப்பச் சீட்டு எழுதி ஜெபப் பெட்டியில் போட்டாள். யாருக்காக: ஷைஜா. விண்ணப்பம்: மனம் திரும்ப. கொடுப்பவர்: நேசபாய். மாற வேண்டியது மகள்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தாள். எந்தக் கோட்டில் எதை எழுதுகிறோம் என்று தெரியாமலே எழுதிப் போட்டாள். புதிதாக வந்திருந்த உபதேசியார் சஜின் அதை எடுத்து உரக்க வாசித்தார்:

"சகோதரி நேசபாய் மனம் திரும்ப வேண்டும் என்று ஷைஜா விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். ஜெபிப்போம்."

சபை முழுவதும் தலை குனிந்து ஜெபித்தது. நேசபாய்க்குக் காது இரண்டும் எரிந்தன.

மறுநாள் அண்டி ஆபீஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூங்கனி விடுவாளா?

"ஏட்டி நேசம், மனம் திரும்பியாச்சா? நானும் ஒனக்காவ நல்லா அழுத்தி ஜெபிச்சேனே!"

"சும்மா இரிட்டி. கண்ணாடி இல்லாம மாத்தி எழுதிப்போட்டேன்."

"ஓகோ. கண்ணாடி போட்டுட்டு எழுதினதெல்லாம் செரியாத்தான் இருந்துதா?"

வரிசையே சிரித்தது. நேசபாய் மட்டும் கையிலிருந்த கொட்டையை உடைக்காமல் வைத்திருந்தாள்.

அடுத்த நாள் விடியற்காலை முழங்காலில் நின்றபோது வழக்கமான பெரிய வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் கழித்து, "ஆண்டவரே, அது நான்தான்" என்று மட்டும் வந்தது. வேலைக்குப் போகாமல் குழித்துறைக்கு பஸ் ஏறினாள்.

ஷைஜா கதவைப் பாதிதான் திறந்தாள். வாசலிலேயே நின்று நேசபாய் சொன்னாள்:

"ஜெபம்னு சொல்லி ஒன்ன ஊரு வாயில போட்டேன். தப்பு எனக்கதுதான் மக்ளே. பொறுத்துக்க."

ஷைஜா, கொட்டை உடைத்துக் கறுத்துப்போன அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவை நன்றாகத் திறந்து வைத்தாள்.

"கேறி வா. வெயில்ல நிக்காத."

சோறும் மீன்குழம்பும் வைத்தாள். "ஜெபிச்சிட்டுத் தின்னு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள், எப்படியும் கால்மணி நேரம் ஆகும் என்று தெரிந்தவள் போல.

"அப்பா, நன்றி. ஆமென்."

ஷைஜா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான்."

"இப்பதான் எம்மா, ஒனக்க ஜெபம் முடிஞ்சும் சோறு சூடா இருக்கு" என்று ஷைஜா சிரித்துவிட்டாள். நேசபாயும் சிரித்தாள். கண்ணீர் சோற்றில் விழுந்ததை அவள் துடைக்கவில்லை, அப்படியே பிசைந்து சாப்பிட்டாள்.