உவாய் இலைச் சுண்டல்

கைறுன்னிஸாவின் கையால் ஒருமுறை சாப்பிட்டவர்கள், வீட்டுக்குப் போய் மனைவிமாரின் சமையலில் குறை சொல்வார்கள். இதனால் கலேவெலையில் எத்தனையோ வீடுகளில் சண்டை வந்திருக்கிறது. கல்யாண வீடோ, கந்தூரியோ, நோன்புக் கஞ்சியோ, கடைசியில் அகப்பை அவள் கைக்குத்தான் வரும். அவள் கறியை நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. ஆவி முகத்தில் பட்டால் போதும், உப்புக் கூடவா குறைவா என்று சொல்லிவிடுவாள். அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. இருக்கட்டுமே, யாருக்குத்தான் இல்லை.

அவள் பிறந்தது ரத்தோட்டைப் பக்கம். மிளகும் சாதிக்காயும் கேட்காமலே முளைக்கும் மண். வேலிக்கு நட்ட தடிகூடத் தளிர் விடும். யாகூப்பைக் கட்டிக்கொண்டு கலேவெலைக்கு வந்து, வீட்டு வளவின் பின்பக்கத்தைப் பார்த்தாள். கிணற்றடித் தண்ணீர் வடிந்து தேங்கும் பள்ளம் கோடையில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. கிணற்றுத் தண்ணீரும் உவர்; குடிக்க, சமைக்க வேறு வீட்டுக் குழாயில்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் முருங்கை நட்டாள், பப்பாசி நட்டாள், தாய் வீட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த எலுமிச்சைக் கன்றை நட்டாள். எல்லாம் இலை நுனி கருகிப் போய்ச் சேர்ந்தன. எலுமிச்சைக்காக மட்டும் அழுதாள்.

யாகூப் அப்போது லொறி ஓட்டினார். தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிப் புத்தளம் போவார், திரும்பி வரும்போது உப்பு மூட்டை ஏற்றி வருவார். ஒருநாள் லொறியின் முன் சீட்டிலிருந்து, ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கன்று இறங்கியது.

"இது என்னத்துக்கு?" என்றாள்.

"மிஸ்வாக்குக்கு. உவாய்க் கன்று. உப்பளத்து ஓரத்துல காடா நிக்கிது. அங்க நிக்கிறது இங்க நிக்காதா?"

நின்றது. முதல் வருடம் ஓர் இலைகூடப் புதிதாக விடாமல் முறைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு அதைப் பிடிக்க முடியவில்லை. கிளைகள் நாலாபக்கமும் வளைந்து தரையைத் தொட்டன. இலைகள் ஜோடி ஜோடியாக, தடிப்பாக, விரலால் கிள்ளினால் தண்ணீர் கசியும். குளம் வற்றி வயல் வெடித்துக் கிடந்த மாதங்களிலும் அந்தப் பள்ளத்தில் அது மட்டும் பச்சையாக நின்றது. கண்ணுக்குத் தெரியாத அளவு பூக்கள். அதற்கே தேனீக்கள் வந்து மொய்த்தன. மிளகு அளவில் சிவந்த பழங்கள். கடித்தால் முதலில் இனித்துப் பிறகு கடுகு போல் உறைக்கும். பழக்காலத்தில் கொண்டைக்குருவிகளின் சத்தத்தில் வீட்டுக்குள் பேசுவது கேட்காது. வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் வேலிப் படலையடியில் நின்று பல் துலக்க மிஸ்வாக் குச்சி கேட்பார்கள். நுனியை மென்றால் தும்பு தும்பாகப் பிரிந்து, தானாகவே பிரஷ் ஆகிவிடும்.

இந்த மண்ணில் இது எதைத் தின்று வளர்கிறது என்று கைறுன்னிஸா வாய்பிளந்து நின்ற நாட்கள் உண்டு. எலுமிச்சையைக் கொன்ற மண்தானே இது.

கடலோரத்தில் அந்த இலையைச் சுண்டி உண்பார்கள் என்று யாகூப் சொல்லியிருந்தார். எப்போதாவது அவளும் செய்வாள். அதைப் பெரிய விஷயமாக அவள் நினைத்ததில்லை, போன வருடம் யாகூப்புக்குக் கிட்னியில் கோளாறு என்று தெரியும் வரை.

கிளினிக் டொக்டர் சிங்களத்தில் பொறுமையாகவே சொன்னார். உப்பைக் குறைத்தால், மெஷினில் இரத்தம் கழுவும் நாளைத் தள்ளிப்போடலாம். குறைக்காவிட்டால் அந்த நாள் தானாக ஓடிவரும். கைறுன்னிஸா அன்றைக்கே உப்புப் போத்தலை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

யாகூப் முயற்சி செய்தார். ஆனால் சோற்றைப் பிசைவார், இரண்டு வாய் வைப்பார், "பசியில்ல" என்று கையைக் கழுவிவிடுவார். ஊரே ஒரு பிடி கூடுதலாகக் கேட்கும் சமையற்காரியின் வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாய்ப் போனார். வேறு பெண்ணாக இருந்தால் கவலைப்படுவதோடு விட்டிருப்பாள். கைறுன்னிஸாவுக்கு இது மானப் பிரச்சினையும்கூட.

அப்போதுதான் அவளுக்கு உவாய் இலை ஞாபகம் வந்தது. தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துச் சுண்டினாள். உப்புப் போத்தல் இருந்த திசையையே பார்க்கவில்லை.

ஒரு வாய் வைத்ததும் யாகூப் நிமிர்ந்தார். "உப்புப் போட்டியா?"

"ஒரு கல்லுக்கூடப் போடல்ல. அந்த எலைக்கே அப்பிடி ருசி."

தட்டு காலியானது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். புளியங்கொழுந்து புளிக்கிறது, பாகற்காய் கசக்கிறது, இந்த இலை இப்படி என்று அவள் நினைத்தாள். உப்பு என்றால் அவளுக்குக் கடலிலிருந்து லொறியில் வரும் சாமான். அது மரத்தில் காய்க்குமா என்ன? பின்கதவில் நின்று உவாய் மரத்தைப் பார்த்து, அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு யாகூப்பின் கால்கள் வீங்கின. பிரஷர் ஏறியது. அடுத்த கிளினிக்கில் டொக்டரின் பொறுமை கொஞ்சம் குறைந்திருந்தது. யாரோ உப்புக் கொடுக்கிறார்கள் என்றார். பஸ்ஸில் வீடு வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே கைறுன்னிஸா கேட்டாள்.

"எந்தக் கடையில வாங்கித் தின்றீங்க?"

"நான் எங்கயும் திங்கல்ல."

"பொய் சொல்லாதீங்க. மெஷின்ல படுக்கணும் எண்டு ஆசையா? நான் இங்க ஒரு கல்லு உப்பில்லாம செத்துச் செத்துச் சமைக்கிறேன்."

யாகூப் வாய்ச்சண்டைக்காரர் அல்ல. அவளை ஒருமுறை பார்த்தார். முன்னறையில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்று இரவு சாப்பிடவில்லை. காலையிலும் சாப்பிடவில்லை.

அந்தக் காலையில்தான் பக்கத்து வீட்டு றாபியா ஈறு வீக்கத்தோடு வந்தாள். உவாய் இலையை அவித்து அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் ஆறும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். கைறுன்னிஸா ஒரு சட்டி நிறைய இலையைப் போட்டு அடுப்பில் வைத்து, றாபியாவை உட்கார வைத்துப் புருஷன் பொய் சொல்வதைப் பற்றி அழத் தொடங்கினாள். அழுகை முடிவதற்குள் சட்டி வற்றித் தீய்ந்த வாடை வந்தது.

கருகிய இலையை வழித்துக் கொட்டினாள். சட்டியின் ஓரமெல்லாம் வெள்ளையாக ஏதோ பொருக்குக் கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காதவள், அதை வைத்துப் பார்த்தாள்.

உப்பு. கரித்து, கசந்து, தொண்டை வரை இறங்கும் உப்பு. வேறு வீட்டில் குழாய்த் தண்ணீர் பிடித்து, ஒரு கல்லுக்கூடப் போடாமல் அவித்த சட்டியில்.

றாபியா ஏதோ கேட்டது அவள் காதில் விழவில்லை. பின்கதவைத் திறந்து பள்ளத்துக்குப் போனாள். இத்தனை வருடம் பார்த்த மரத்தை அன்றைக்குத்தான் பார்த்தாள். அது உப்புக்குப் பயந்து ஒதுங்கி வாழவில்லை. மற்றச் செடிகள் செத்துப்போன அந்தத் தண்ணீரையே வேரால் குடித்து, உப்பை இலை இலையாகப் பங்கிட்டுச் சேர்த்து வைத்திருக்கிறது. அதனால்தான் அந்தத் தடிப்பு, அந்தப் பச்சை. உதிர்ந்த இலைகளின் கீழே மண் மற்ற இடத்தைவிட இன்னும் வெளுத்துக் கிடந்தது. அதே உடம்பில் தேனீக்குப் பூவும் குருவிக்கு இனிப்புப் பழமும் வைத்திருக்கிறது. "சுப்ஹானல்லாஹ்" என்றாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு அடங்கும் முன்பே மற்றதும் உறைத்தது. வளவு உப்பை எல்லாம் இந்த மரம் கூட்டிச் சேர்க்க, இத்தனை மாதமாக அதை அள்ளி அள்ளி யாகூப்பின் தட்டில் வைத்தது அவள்தான்.

சட்டியைக் கையில் பிடித்தபடியே முன்னறைக்குப் போனாள். யாகூப் திரும்பவில்லை.

"நீங்க பொய் சொல்லல்ல" என்றாள். "உப்ப நான்தான் தந்திரிக்கேன். அந்த எலை பூரா உப்பு."

அவர் எழுந்து உட்கார்ந்து சட்டியைப் பார்த்தார். விரலால் தொட்டு நாக்கருகே கொண்டுபோனார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"உங்களக் கொல்லப் பாத்திட்டேன்" என்று அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஒரு வாய் சாப்பிடணும் எண்டு செஞ்சத அப்பிடிச் சொல்லாத."

"மரத்த வெட்டிரட்டுமா?"

"அதுட மேல என்ன குத்தம்? அதுக்குத் தாங்குது. எனக்குத் தாங்கல்ல, அவ்வளவுதான்."

பகலுக்குச் சோறும் பூசணிக்காயும் அவித்து வைத்தாள். மிளகும் எலுமிச்சம் புளியும் மட்டும். தட்டை வைத்துவிட்டு, எப்போதும் போல் குசினிக்குப் போகாமல் அங்கேயே நின்றாள். யாகூப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார், மென்றார், விழுங்கினார். இரண்டு வாயோடு நிற்கவில்லை.

"ருசி இரிக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார் அவர். தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் போடு."