மூடிப்போன பார்களைத் தேடி வந்தவர்

இரண்டு வருடங்களுக்கு முன், தீபக் கூட்டம் வடிந்து எங்கள் திருவண்ணாமலை கொஞ்சம் அமைதியான சமயம் அது. ஆசிரமங்கள் இருக்கும் பக்கம் எங்கள் வீடு. மாடி போர்ஷனை வெளிநாட்டுக்காரர்களுக்கு மாத வாடகைக்கு விடுவோம். அவர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். வெள்ளை வேட்டி, தியானம், கிரிவலம், காரம் கம்மியான சாப்பாடு. அந்த முறை வந்தவர் வேறு மாதிரி இருந்தார்.

இங்கிலாந்துக்காரர். எழுபது தாண்டிய வயது, நெடுநெடுவென்ற உயரம், கையில் தடி. வந்த மறுநாளே என்னைக் கேட்டார், "இந்த ஊரில் பார்கள் எங்கெல்லாம் இருந்தன?" என்று. இருக்கின்றன என்று கேட்டிருந்தால்கூடப் புரிந்திருக்கும். இருந்தன என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

என் கணவருக்கு வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "குடிக்கற ஆளா இருந்தா இப்பவே அனுப்பிடு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்மளைத்தான் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவாங்க" என்றார்.

அறையைக் கூட்டப் போகும்போதெல்லாம் குப்பைக் கூடையைக் கிளறிப் பார்ப்பேன். ஒரு பாட்டில் மூடிகூட இருக்காது. குடிக்காத மனுஷனுக்கு பார் எதற்கு? அதுதான் என்னை இன்னும் குடைந்தது. கோயிலுக்கும் போவதில்லை, ஆசிரமத்துக்கும் போவதில்லை. காலையில் பால் ஊற்றாத டீ குடித்துவிட்டுத் தொப்பியோடு கிளம்பினால் மத்தியானம்தான் திரும்புவார்.

ஒருநாள் எதிர்வீட்டுப் பெண் வந்து, "அக்கா, உங்க வீட்டு வெள்ளைக்காரரு பைபாஸ் பக்கம் பழைய ஒயின் ஷாப்பு இருந்துச்சே, அது முன்னால நின்னு போட்டோ புடிச்சினு இருக்காரு. ஏதோ சரியில்ல, பாத்துக்குங்க" என்றாள். அந்தக் கடையை மூடி ரொம்ப நாளாகிறது. பூட்டின ஷட்டரில் படம் பிடிக்க என்ன இருக்கிறது? இடம் வாங்கப் பார்க்கிறாரா, போதை மருந்து விவகாரமா, இல்லை கோயில் ஊரைக் கேவலமாக எழுதுவதற்கு வந்த பத்திரிகைக்காரரா என்று என் மண்டையில் ஒவ்வொன்றாக ஓடியது.

அடுத்த வாரம் அறைக்குள் போனபோது சுவரைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். வரிசையாகப் போட்டோக்கள் ஒட்டியிருந்தன. எல்லாம் கட்டடங்கள். செங்கல் சுவர், சின்ன ஜன்னல், வாசலுக்கு மேலே அன்னம், குதிரை, கிரீடம் என்று படம் வரைந்து தொங்கும் பலகைகள். கதவுகள் எல்லாம் மூடியிருந்தன. அவரே பின்னால் வந்து நின்று விளக்கினார். அவருடைய ஊர், நம்ம கீழ்பென்னாத்தூர் மாதிரி, சுற்று வட்டாரத்து விவசாயிகள் வந்துபோகும் சந்தை ஊராம். தெருவுக்குத் தெரு பப் இருந்ததாம். இப்போது ஒன்று மருந்துக்கடை, ஒன்று குடியிருப்பு, ஒன்றை இடித்து கார் நிறுத்துகிறார்களாம். குதிரைப் படம் போட்டிருந்ததைத் தொட்டு, "இது என்னுடையது" என்றார்.

ஆக, இவரே சாராய வியாபாரி! இங்கே பார் திறக்கத்தான் இடம் பார்க்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். காலி செய்யச் சொல்லிவிடு என்று கணவரும் சொல்ல, மறுநாள் காலை படியேறினேன். கம்ப்யூட்டர் சென்டரில் கொஞ்ச நாள் பாடம் எடுத்த பழக்கத்தில் எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறாமல் வரும். "எதுக்காக பார்களைத் தேடறீங்க? உண்மையைச் சொல்லுங்க, இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணுங்க" என்று நேராகவே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். அவருக்கு ஒரே மகன். நிம்மதி தேடுகிறேன் என்று நம் ஊருக்கு வந்தவன், வந்த இடத்தில் குடியில் விழுந்துவிட்டான். காலையிலேயே ஆரம்பித்து, தெருவில் கிடக்கிற அளவுக்கு. பிறகு ஒரு பாரில் வேலை செய்த ஆள் அவனுக்கு ஊற்ற மாட்டேன் என்று மறுத்து, அவனைக் குடியிலிருந்தே மீட்டுவிட்டான். மகன் ஊர் திரும்பி நாலு வருடம் அப்பாவோடு இருந்தான். அப்புறம் வேறொரு நோயில் இறந்துபோனான்.

"அந்த நாலு வருஷத்தை எனக்குக் கொடுத்த ஆளைப் பார்க்கணும்" என்றார். பெயர் தெரியாது. மகன் சொன்னதெல்லாம், வேப்பமரத்தடியில் பார், அந்த ஆளின் வலது முன்கையில் பெரிய தீக்காயத் தழும்பு, அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பாதிதான் நம்பிக்கை வந்தது. கதை ரொம்ப நன்றாக இருந்ததாலேயே சந்தேகமாக இருந்தது. நானும் கூட வருகிறேன் என்று ஆட்டோவில் ஏறினேன். உதவி செய்ய இல்லை. கண்காணிக்க.

பஸ் ஸ்டாண்டு பின்னால் இருந்த பார் இப்போது செல்போன் கடை. இன்னொன்று பஞ்சர் கடை. போன இடத்தில் எல்லாம் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். "எந்த டிபார்ட்மென்ட் மேடம்?" என்று ஒருவர் கேட்டார். பழைய பாரைப் பற்றிப் பேச்செடுத்தாலே வாயை மூடிக்கொண்டார்கள். கடைசியில், அடி அண்ணாமலை போகிற ரோட்டில் ஒரு வேப்பமரம், பக்கத்தில் காய்கறிக் கடை. அந்தக் கடைக்கார அம்மாதான், "ஆமா, இது பாராத்தான் இருந்துச்சு. கையில சுட்ட தழும்பா? அவரு உள்ள போனீங்கன்னா டிபன் கடை வச்சிருக்காரு" என்று வழி சொன்னாள்.

டிபன் கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். முன்கையில் தழும்பு பளிச்சென்று தெரிந்தது. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "எனக்கு எந்த வெள்ளைக்காரனையும் தெரியாது மேடம். நான் பார்ல வேலையே செஞ்சதில்ல" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார்.

தழும்பு இருக்கிறது, ஆனால் அந்த ஆள் தான் இல்லை என்கிறார். அப்படியானால் இவர் அந்தப் பையனை ஏதோ செய்திருக்கிறார். இந்தப் பெரியவர் நன்றி சொல்ல வரவில்லை, பழி தீர்க்க வந்திருக்கிறார். எனக்கு அப்படித்தான் தோன்றியது. பெரியவரின் கை தடியை இறுக்கிப் பிடித்திருந்தது. எந்த வம்பில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று ஆட்டோ நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்போது உள்ளேயிருந்து கடைக்காரரின் மனைவி வந்தார். பெரியவரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அதே மூக்கு" என்றார். பிறகு கணவரிடம், "சொல்லிடுய்யா. எத்தினி நாளைக்குப் பயந்துனே இருக்கப்போற?" என்றார்.

அவர் ஷட்டரை விட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். "ஒருநாள் ரத்த வாந்தி எடுத்துட்டு, வாயக்கூடத் தொடைக்காம வந்து குவாட்டர் கேட்டான் மேடம். விட்டேன் ஒரு அறை. கீழ விழுந்து ஒதடு கிழிஞ்சிபோச்சு" என்றார். பிறகு சுற்றியிருந்த பார்களுக்கெல்லாம் போய், இவனுக்குக் கொடுத்தால் நடப்பதே வேறு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தன் வீட்டிலேயே படுக்க வைத்து, இவர் மனைவி கஞ்சி ஊற்ற, ஒரு மாதத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் யாரோ, வெளிநாட்டுக்காரனை அடித்தால் பெரிய கேஸ் ஆகும், உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பையன் ஊருக்குப் போன நாளிலிருந்து, எப்போது போலீஸ் வருமோ என்றே இருந்திருக்கிறார். பாரை மூடியதும் அங்கே வேலை செய்ததையே யாரிடமும் சொல்வதில்லை.

"அடிச்சதை மட்டும் அவருகிட்ட சொல்லாதீங்க மேடம்" என்று கெஞ்சினார்.

பெரியவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் யோசித்தேன். மறைத்து மறைத்துத்தான் எல்லோரும் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம் என்று தோன்றியது. அறை உட்பட எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

பெரியவர் தடியைப் பெஞ்சில் சாய்த்து வைத்தார். பிறகு, "எந்தக் கன்னத்தில்?" என்று கேட்டார். கடைக்காரர் பயந்துகொண்டே தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். பெரியவர் குனிந்து அந்தத் தழும்புக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "என் வாழ்க்கை முழுக்க நான் ஊற்றிக் கொடுத்தேன். இங்கே வருவதற்கு முன் என் மகன் வந்து நின்றபோதும் ஊற்றிக் கொடுத்தேன். எனக்கு மறுக்கத் தெரியவில்லை" என்றார். அதையும் நான் தமிழில் சொன்னேன்.

கடைக்காரருக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. சிரித்துக்கொண்டே, "இப்ப எப்படிக் கீறான்? நல்லாக் கீறானா?" என்று கேட்டார்.

பையன் இறந்துபோனது அவருக்குத் தெரியாது என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கடைக்காரர், "குடிச்சுதான் செத்தானா?" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அந்தக் குரலிலேயே பெரியவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த நாலு வருடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை என்று சொன்னார். அதை நான் தமிழில் சொன்னதும்தான் அந்த மனுஷன் அழுதார்.

அதற்கப்புறம் ஊருக்குக் கிளம்பும் வரை பெரியவர் தினமும் காலையில் அந்தக் கடைக்குப் போனார். இவருக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒருநாள் நான் போனபோது வெள்ளைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வழிய.

எனக்குச் சந்தேக புத்தி இன்னும் போகவில்லை, மாடிக்கு யார் குடிவந்தாலும் முதலில் அதுதான் தலை தூக்குகிறது. ஆனால் அன்றைக்கு நான் நேராகப் போய்க் கேட்காமல் அவரைக் காலி மட்டும் செய்ய வைத்திருந்தால், அந்தப் பையன் கடைசிவரை குடிக்கவே இல்லை என்கிற ஒரு வார்த்தை அடி அண்ணாமலைக்கு வந்தே சேர்ந்திருக்காது என்று நினைக்கும்போது இப்போதும் மனசு நடுங்குகிறது.