இரண்டு மிதி கார்

அந்தக் காரில் மிதிகள் இரண்டுதான். பங்களா முற்றத்தில் அதன் கதவைத் திறந்து குனிந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது அந்தக் குறைதான். வலது ஓரத்தில் ஆக்சிலேட்டர். பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து கால் வைக்கலாம் போல அகலமாக ஒரு பிரேக். கிளச் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பளம். பல் விழுந்த வாயைப் பார்த்ததுபோல் சிரிப்பு வந்தது எனக்கு. டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலாளராகப் புதிதாக வந்த துரை கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் கார் அது. தொண்ணூறுகள் முடிகிற காலம். பழைய பங்களா டிரைவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அடுத்தது நான்தான் என்று தோட்டமே பேசிக்கொண்டது. வேலையோடு வீடும் வரும். தனிக் கூரை, தனிக் குழாய், அடுத்த வீட்டு இருமல் கேட்காத சுவர். லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பராவில் பிள்ளைகளோடு முடங்கிக் கிடந்த என் மனைவி அந்த வீட்டுச் சன்னலுக்குத் திரைத்துணிகூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

நான் அப்போது கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். என் கர்வமெல்லாம் என் இடது காலில் இருந்தது. மூடுபனிக்குள் ஏற்றத்தின் நடுவே கியரை மாற்றினால் மேலே உட்கார்ந்திருப்பவன் வாயிலிருக்கும் வெற்றிலைகூட அசையாது. ஆட்டோ கியர் கார்கள் எங்களுக்குப் புதியவை அல்ல, கேலிக்குரியவை. முன்பு ஒரு துரை வைத்திருந்த கார் இறம்பொடை ஏற்றத்தில் எந்தக் கியரில் நிற்பது என்று தெரியாமல் உறுமி உறுமித் திணறும். "ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல, ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி தவிக்குது பாரு" என்று லொறிக்காரர்கள் நாங்கள் கைகொட்டிச் சிரிப்போம். இந்தப் புதிய கார் அப்படியில்லை என்று எச்சரித்தவர், ஹட்டனில் கராஜ் வைத்திருந்த, நாங்கள் நானா என்று அழைக்கும் முஸ்லிம் பெரியவர் மட்டும்தான். "தம்பி, அந்தக் காலத்து வாகனத்துக்கு எண்ணெயிட அமுக்கம்தான் மூளை. இப்ப வாரதுக்கு சின்னப் பொட்டி ஒன்டு வச்சீக்கான். என்ன வேகம் போகுது, காலை எவ்வளவு அமுக்குறீங்க, எல்லாத்தையும் அது கம்பி வழியா கேட்டுக்கொண்டே ஈக்கும். எப்ப மாத்துறதுன்டு அதுதான் முடிவெடுக்கும். நீங்க சும்மா உக்காந்தீக்கணும், அவ்வளவுதான்." சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு அப்போது தெரியாது.

துரை என்னைப் பரீட்சை பார்த்தது இறம்பொடை இறக்கத்தில். அவர் பின் சீட்டில். நீர்வீழ்ச்சியின் இரைச்சல் கேட்கும் வளைவு வந்தது. ஆயிரம் முறை செய்ததை உடம்பு தானாகவே செய்தது. கியரைக் குறைக்க வேண்டும் என்று காது சொன்னது. இடது கால் எழும்பி, இல்லாத கிளச்சைத் தேடி, அகலப் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தது. கார் ஆணி அடித்ததுபோல் நின்றது. துரையின் நெற்றி முன் சீட்டில் மோதியது. பின்னால் வந்த பஸ் அலறியது. அடுத்த வளைவிலும் அதே. அதற்கடுத்த வளைவில் கால் மறுபடி எழும்பியபோது துரை என் தோளைத் தட்டினார். கோபப்படவில்லை. "ட்ரைவர், நாளைக்கு வரும்போது அந்த எடது கால வீட்டுல வச்சிட்டு வாங்க" என்றார்.

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. தோட்டத்தில் லைசன்ஸ் உள்ளவர் வேறு யார் என்று துரை விசாரித்தார். என் அக்கா வீட்டுக்காரரைச் சொன்னார்கள். மச்சானும் முன்பு லொறி ஓட்டியவர்தான். எனக்கு ஸ்டியரிங்கைத் தந்தவரே அவர்தான். விறகுக் கட்டைகள் சரிந்து இடது கணுக்கால் நசுங்கிய பிறகு அவரால் கிளச் மிதிக்க முடியாமல் போனது. பெக்டரி மாடியில் கொழுந்தைக் காய விரித்துப் புரட்டும் வேலையில் சில வருடங்களாக இருந்தார். என்னை ஏளனம் செய்த அந்த வெறும் கம்பளத்தின் மேல், மடங்காத அந்தக் கால் அளவெடுத்துச் செய்ததுபோல் போய் நீட்டிக்கொண்டது. அவருடைய பரீட்சைக்கு நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். துரைதான் வரச்சொன்னார், பார்த்துப் பழகட்டும் என்று. கண்ணை மூடிக்கொண்டு கியர் மாறும் நொடிக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தேன். சத்தமில்லை, குலுக்கலில்லை. தூங்கும் பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுவதுபோல் அந்தப் பெட்டி பாரத்தை மாற்றியது. நான் பத்து வருடம் சேர்த்த கலை அதற்குப் பிறவிக்குணம். ஒரு நொண்டிக் காலைப் பார்த்து வயிறெரிந்த மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அக்கா அந்த வீட்டுக்குக் குடிபோனாள். என் மனைவி பார்த்து வைத்த துணியையே அவள் சன்னலுக்குப் போட்டிருந்தாள். மலிவு விலைக் கடையில் எல்லோரும் வாங்குகிற துணிதான், இருந்தாலும். எங்கள் தோட்டத்துச் சாலை ஒரு வண்டி அகலம். துரையின் கார் எதிரே வந்தால், பாரம் ஏற்றிய லொறியாக இருந்தாலும், பின்னால் எடுத்து ஒதுங்கிக் கொடுப்பதுதான் வழக்கம். ஆக, வருடக்கணக்கில் நான் என் மச்சானுக்காகப் பின்னால் போனேன். காரில் துரை இல்லாத நாட்களிலும்தான். அவர் ஒருமுறைகூட ஹாரன் அடித்ததில்லை. நான் கியரோடு மல்லுக்கட்டி ஒதுங்கும்வரை பொறுமையாக நிற்பார், கடக்கும்போது கண்ணாடியை இறக்கி, "சாப்டியா மாப்ள?" என்பார். ஹாரன் அடித்துத் தொலைத்திருக்கலாம்.

இன்று நுவரெலியா போகும் பாதையில் கிளச் உள்ள காரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நேற்று லைசன்ஸ் எடுத்த பிள்ளைகள் ஒரு கையில் போனோடு ஏற்றம் ஏறுகிறார்கள். அவர்களைப் பார்த்தும் எரிச்சல் வருகிறது, ஆனால் அது வேறு எரிச்சல், முகம் இல்லாதது. என் பொறாமைக்கு ஒரே ஒரு முகம்தான் இருந்தது. அதையும் ஒரு மத்தியானம் இழந்தேன்.

அன்று துரையின் காரை நானாவின் கராஜில் எண்ணெய் மாற்ற விட்டுவிட்டு மச்சான் என் லொறியில் ஏறித் திரும்பினார். உரமூட்டைப் பாரம். தோட்டச் சந்தி தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் அவர் கேட்டார்: "மாப்ள, ஒரு வாட்டி கிளச்ச நீ மிதிக்கிறியா? கியர நான் போடுறேன்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் வலது கை ஏற்கனவே கியர்த் தண்டின் மேல் இருந்தது. எஞ்சின் இளைக்கும் சத்தம் இருவர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. "மிதி" என்றார். மிதித்தேன். மூன்றிலிருந்து இரண்டு; வெண்ணெயில் விரல் இறங்கியதுபோல். "விடு" என்றார். மறுபடி "மிதி". பெக்டரி வாசல் வரைக்கும் அப்படியே ஏறினோம். இறங்கும்போது அவர் முகம் நனைந்திருந்தது. பனி என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், அன்று வெயில்.

"அந்தக் கார்ல நானும் ஒரு மூட்டதான்டா. ஏத்திக்கிட்டுப் போவுது, எறக்கி விடுது. இந்த லொறி ஒன் காதுக்குத்தான் காத்திருக்கு. சில நாளு ஒன்னப் பாக்கவே புடிக்காது எனக்கு, தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்தார்.

வீடு அவருக்கு, கார் அவருக்கு. நான் அத்தனை வருடம் எனக்கென்று மட்டும் வைத்திருந்தது அந்த வயிற்றெரிச்சல் ஒன்றுதான். அதிலும் எனக்கு மூத்தவர் அவரே என்று சொல்லிவிட்டுப் போகிறார்.