தலைமன்னார் வீதியில் அவர் ‘ஓம்’ சொன்னபோது

ஆடி மாதத்தில் மன்னாருக்கு மோட்டார் சைக்கிளில் போகாதீர்கள். இதை முதலே எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பக்கவாட்டில் அடித்து ஆளை வீதியின் மறுகரைக்குத் தள்ளும். நாங்கள் ஆடியில்தான் போனோம். என் கணவர் அன்ரனுக்கு அப்போதுதான் லீவு கிடைத்தது. அவர் பேசாலையில் பிறந்தவர். தன் பைக்கில் தலைமன்னார் இறங்குதுறை வரை ஒருதரம் ஓடிப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

ஹெல்மெட்டுக்குள் பூட்டுகிற ஹெட்செட் வாங்கலாமா என்று பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். இந்தப் பதிவு அதற்குத்தான். ஆனால் நாங்கள் அதை வாங்கியது பாட்டுக் கேட்க அல்ல. அன்ரனுக்குச் சீனி வருத்தம், காலையும் மாலையும் ஊசி போடுகிறவர். போன வருடம் ஒருநாள் உடம்பில் சீனி திடீரென்று இறங்கி, ஓடிக்கொண்டிருந்த பைக்கோடு போய் ஒரு மதிலில் மோதினார். தோள் எலும்பு மட்டும் உடைந்தது, கடவுள் புண்ணியம்.

மற்றவர்களுக்குச் சீனி இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும். இவருக்கு அதெல்லாம் வருவதில்லை. கதைதான் மாறும். எதைச் சொன்னாலும் ‘ஓம், ஓம்’ என்று ஆமாம் போடுவார். நல்ல சுகத்தோடு இருக்கிற அன்ரன் எதற்கும் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. இன்றைக்கு வெயில் என்றால், இல்லை, இது புழுக்கம் என்பார். பதினாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் மறுபேச்சு இல்லாமல் அவர் ‘ஓம்’ சொன்னது கலியாணத்தன்று சேர்ச்சில் சுவாமியார் கேட்டபோது மட்டும்தான். அதற்கும் கொஞ்சம் யோசித்ததாக என் தங்கை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஏன் ஒரே வாகனத்தில் போகவில்லை என்று கேட்பீர்கள். என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறுவதற்கு அவருடைய மானம் இடம்கொடுக்கவில்லை. அவர் ஓட, நான் பின்னால் இருந்து, இரண்டு பேருமாக விழுந்தால் வீட்டில் இருக்கிற இரண்டு பிள்ளைகளையும் யார் பார்ப்பது? ஓடுவதற்கு முன் சீனி சோதிக்க வேண்டும், தனியாகப் போகவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆகவே அவர் பைக்கில் முன்னுக்கு, நான் ஸ்கூட்டரில் பின்னுக்கு, இரண்டு ஹெல்மெட்டிலும் ஹெட்செட் என்று முடிவானது. குரல் காதில் இருக்கும் வரை ஆள் என் கண்காணிப்பில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

சோடி இருபத்தெட்டாயிரம் ரூபா. கொழும்பிலிருந்து தபாலில் எடுப்பித்தோம். பெட்டியில் ஒரு கிலோமீற்றர் தூரம் கேட்கும் என்று போட்டிருக்கிறது. நம்பாதீர்கள். நேர் வீதியில் அறுநூறு மீற்றர், வளைவும் பனங்கூடலும் இருந்தால் முந்நூறே பெரிய காரியம். மைக்குக்கு ஒரு பஞ்சுறை தருவார்கள், அதைக் கழற்றிவிட்டால் காற்றின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்காது.

முதல் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக வந்து மன்னார் நகரில் ஒரு லொட்ஜில் தங்கினோம். அடுத்த நாள் காலை அவர் ஊசி போட்டு, சீனி சோதித்து, சரி என்று கண்ட பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தோம். ஆறு இடியப்பம் சாப்பிடுகிறவர் மூன்றோடு எழும்பிவிட்டார். ‘சம்பல் சரியில்லை’ என்றார். நான் அதைக் கவனித்தேன். ஆனால் மத்தியானம் தலைமன்னாரில் நல்ல மீன்கறியோடு சாப்பிடலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டு முதலில் தாழ்வுபாட்டுக்குப் போனோம். நகரிலிருந்து ஐந்து கிலோமீற்றர்கூட இல்லை. ஹெட்செட்டைப் பழகிப் பார்ப்பதற்குத்தான். வள்ளங்களைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் ஓடியதில் நாங்கள் வாக்குவாதப்பட்ட விசயங்கள்: காற்றாடிக் கோபுரங்கள் உயரமா இல்லையா, வெயிலில் காய்ந்த மீன் சூடையா சாளையா, நான் ஹோன் அடித்தது தேவையா. எனக்கு நிம்மதியாக இருந்தது.

திரும்பி வந்து தலைமன்னார் வீதியைப் பிடித்தோம். இங்கேதான் என் பொறுமை போனது. வீதியோரத்தில் எங்கே மாதாவின் சின்னக் கற்கோயிலான கெபியோ அந்தோனியார் சுருவமோ கண்டாலும் அன்ரன் பைக்கை நிறுத்துவார். இறங்கி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, சிலுவை போட்டு, உண்டியலில் ஒரு சில்லறைக் குற்றியைப் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். எனக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்ட அன்றும் ஓட்டோவை நிறுத்திக் குற்றி போட்டவர் இவர். நான் சைவக்காரி, பிள்ளையாரைக் கண்டால் ஓடிக்கொண்டே நெஞ்சில் கைவைத்துவிட்டுப் போய்விடுவேன். பேசாலை பதினாறு பதினேழு கிலோமீற்றர்தான். போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. ஓலைத்தொடுவாய்ப் பக்கம் ஒரே கெபியில் அவர் இரண்டு குற்றி போட்டபோது நான் ஹெட்செட்டில் கத்தியேவிட்டேன்.

பேசாலையில் சொந்தக்காரர் வீடு பூட்டிக் கிடந்தது. வெயில் ஏறிவிட்டது. அங்கே ஒரு சோடாவாவது குடித்திருக்க வேண்டும். எனக்கு இறங்குதுறையைப் பார்த்துவிட்டு நேரத்தோடு திரும்பும் அவசரம்.

பேசாலை கழிந்து கொஞ்சத் தூரத்தில் ஹெட்செட்டில் சொன்னேன்: “இஞ்சாருங்கோ, இனி வாற கெபி ஒண்டிலையும் நிக்க வேண்டாம். நேரை தலைமன்னார். சரியோ?”

“ஓம்” என்றார்.

எனக்குச் சந்தோசமாகப் போய்விட்டது. இதை எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். வந்த வேகத்தில் இன்னும் இரண்டை வென்றெடுக்கலாம் என்று, பின்னேரம் ஆறு மணிக்கு முதல் லொட்ஜுக்குத் திரும்ப வேண்டும் என்றேன். ஓம். அடுத்த முறை காரில் வருவோம் என்றேன். அதற்கும் ஓம். நான் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டு போனேன்.

அந்த நேரம் பார்த்து ஏழெட்டுக் கழுதைகள் வீதிக்கு ஏறின. மன்னார்க் கழுதைகளுக்கு ஹோன் ஒரு பொருட்டே இல்லை. அவை விலகி நான் கிளம்புவதற்குள் அவருடைய சிவப்பு ஹெல்மெட் வளைவில் மறைந்துவிட்டது.

“இப்ப எங்கை போறியள்? வளைவு தாண்டியாச்சோ?”

“ஓம்.”

“றெயில் தண்டவாளம் தெரியுதோ, இல்லையோ?”

“ஓம்.”

சீனி இறங்கிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அன்ரன், பைக்கை நிப்பாட்டுங்கோ” என்றேன். ஓம் என்றார். ஆனால் அந்த ஓமுக்குப் பின்னால் எஞ்சின் அப்படியே இரைந்துகொண்டிருந்தது. நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ என்று நான் கத்த, அவர் ஒவ்வொன்றுக்கும் நல்ல பிள்ளையாக ஓம் சொல்லிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் என் காதுக்குள், என் மூச்சுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆள் எங்கேயோ இருந்தார். கையை நீட்டிப் பிறேக்கைப் பிடிக்க இந்த இருபத்தெட்டாயிரம் ரூபாச் சாமானில் வழி இல்லை.

எதிரே ஒரு ஓட்டோ வந்தது. கையைக் காட்டி மறித்தேன்.

“தம்பி, சிவப்பு ஹெல்மெட் போட்ட ஒராள் பைக்கிலை போறாரோ?”

“ஓமக்கா, கொஞ்சம் முன்னுக்குத்தான். நடு றோட்டாலை போறார். நான் ஹோன் அடிச்சும் விலகேல்லை, மண்ணுக்கை இறக்கித்தான் வந்தனான். குடிச்சிருக்கிறாரோ?”

“வருத்தக்காரன், தம்பி.”

“கடவுளே, அப்ப நீங்கள் கதைச்சுக்கொண்டு நிக்காமல் போங்கோ! நானும் திருப்பிக்கொண்டு வாறன்.”

ஸ்கூட்டரின் முழு வேகத்துக்குப் பிடித்தேன். இடதுபக்கத்திலிருந்து சோளகம் அடித்துத் தள்ளியது, வீதியில் மணல். காதில் அவருடைய மூச்சு அறுந்து அறுந்து கேட்கத் தொடங்கியது. இணைப்பு இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று விளங்கியது. என்ன சொன்னால் இந்த மனிதர் நிற்பார்? என் பேச்சைக் கேட்டு அவர் எந்தக் காலத்தில் நின்றிருக்கிறார்?

“அன்ரன்!” என்றேன். கத்தவில்லை, காலையில் புறுபுறுத்த அதே குரலில் சொன்னேன். “அந்தா மாதா கெபி. குற்றி போடேல்லையோ?”

இரைச்சல். பிறகு எஞ்சின் சத்தம் இறங்கியது. கியர் ஒவ்வொன்றாகக் குறைவது கேட்டது. ஸ்ராண்ட் ‘டக்’ என்று விழுந்தது. அத்தோடு இணைப்பும் அறுந்தது.

அடுத்த வளைவுக்கு அப்பால் அவரைக் கண்டேன். பைக் வீதியோரத்தில் ஒழுங்காக நின்றது. அங்கே கெபி ஏதும் இல்லை. சீமெந்துக் கட்டின் மேல் பச்சை நிறத்தில் ஒரு தொலைபேசி இணைப்புப் பெட்டி நின்றது. அன்ரன் அதன் முன்னால் சிலுவை போட்டுவிட்டு, காற்றுப் போவதற்கென்று வெட்டிய துவாரத்துக்குள் ஒரு குற்றியைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் தோளைப் பிடித்ததும் திரும்பிப் பார்த்தார். யார் என்று தெரியாத பார்வை. ஹெல்மெட்டைக் கழற்றி, அவரை மணலில் இருத்தி, கைப்பையிலிருந்த குளுக்கோஸ் பக்கற்றை உடைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டேன். விழுங்கினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீதிக்கு அந்தப் பக்கம் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா ஓடி வந்தார். பிலோமினா என்று பெயர். விசயத்தைச் சொன்னதும் வீட்டுக்குள் போய், பாதிக்குச் சீனி போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தார், கூடவே பாணும்.

“பெட்டிக்கு முன்னாலை நிண்டு சிலுவை போடுறார், தங்கச்சி. மாதா காட்சி குடுக்கிறாவாக்கும் எண்டு நானும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டனான்” என்றார்.

நான் அழுகையோடு சிரித்தேன். திரும்பி வந்து சேர்ந்த ஓட்டோத் தம்பியும் சிரித்தார். அன்ரன் பாணை மென்றுகொண்டு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். கால் மணித்தியாலம் போயிருக்கும்.

“இது தலைமன்னார் இல்லையே” என்றார்.

“இல்லை.”

“கெபி எண்டீர். எங்கை கெபி?”

“அந்தா, அந்தப் பச்சைப் பெட்டிதான்.”

“உமக்கு விசரோ? அது ரெலிபோன் பெட்டியெல்லோ!”

அவருடைய வாயிலிருந்து ஒரு மறுப்பு வந்ததற்காக நான் மணலில் விழுந்து கும்பிடாத குறை.

நாங்கள் தலைமன்னார் பார்க்கவில்லை. அதைப் பற்றிய விபரம் தேடி வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். பிலோமினா அக்காவின் வளவில் பைக்கை விட்டுவிட்டு, மறுபடி சோதித்து, ஒரு மணித்தியாலம் இருந்து, அன்ரனை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு மன்னாருக்குத் திரும்பினேன். பைக் மற்றக் கிழமை மீன் லொறியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. இன்னும் மணக்கிறது.

ஹெட்செட் வாங்கலாமா என்றால், வாங்குங்கள். புறப்பட முன் முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள், பஞ்சுறையைக் கழற்றாதீர்கள், பெட்டியில் போட்டிருக்கிற தூரத்தில் பாதியைக்கூட நம்பாதீர்கள். ஆனால் ஒருவருக்கு வருத்தம் இருந்தால், குரல் கேட்கிறதுதானே என்று அவரை முன்னால் ஓட விடாதீர்கள். நான் செய்தது பிழை. கூட வருகிறவர் வழமையில் எப்படிக் கதைப்பார் என்று தெரிந்துவைத்திருங்கள். வாயாடி பேசாமல் வந்தால் பயப்படுங்கள், சண்டைக்காரர் இணங்கி வந்தால் உடனே பயப்படுங்கள். குளுக்கோஸும் தோடம்பழ இனிப்பும் பையின் அடியில் கிடக்கக்கூடாது, கையை விட்டதும் வர வேண்டும்.

அடுத்த நாள் யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டபோதும் இரண்டு பேரும் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டோம். ஒரே ஸ்கூட்டரில் எதற்கு என்று லொட்ஜ்காரர் கேட்டார். காற்றில் பின்னால் இருப்பவர் சொல்வது கேட்காது என்றேன். அது பாதி உண்மை. மன்னார்ப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் காற்றில் குமுறிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க நெஞ்சில் கிடந்ததை அங்கே வைத்துக் கேட்டேன்.

“இனிமேல் பைக் ஓட மாட்டியள், என்ன?”

“ஓம்” என்றார்.

அடித்த பிறேக்கில் பின்னால் வந்த வான்காரன் ஏசிவிட்டுப் போனான். பாலத்தின் கரையில் ஸ்கூட்டரை நிறுத்தி, அவருடைய விரலைப் பிடித்துக் குத்தினேன். அவர் விரலைத் தந்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெஷினில் இலக்கம் விழுந்தது. சீனி சரியான அளவில்தான் இருந்தது.

அப்படியென்றால் அந்த ஓம் அவர் தெரிந்தே சொன்ன ஓம். பதினெட்டு வயதிலிருந்து பைக் ஓடின மனிதர். வென்றுவிட்டேன் என்று சந்தோசப்பட எனக்கு மனம் வரவில்லை. ஹெல்மெட்டைப் போட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

“முழங்காவிலிலை ஒரு கெபி இருக்கெல்லோ” என்றேன். “அதிலை நிப்பாட்டுறன். குற்றி வைச்சிருக்கிறியளோ?”

“முழங்காவிலுக்கு முன்னமே ரெண்டு இருக்கு” என்றது காதுக்குள் இருந்த குரல். “தெரியாட்டில் சும்மா கதையாதையும்.”