ரப்பர் காட்டில் செல்வியின் வட்டம்

2008 பெப்ரவரியில் நிவித்திகலப் பக்கம் போனதற்குக் கலை ஆர்வம்தான் காரணம் என்று எழுதினால் அது பொய். பொறாமைதான் காரணம். என்னோடு ஒரே வகுப்பில் சித்திரம் படித்த செல்வி, அங்கே ஒரு தோட்டத்தில் டீச்சர். பெண்கள் சங்கத்தோடு சேர்ந்து, ரப்பர் காட்டில் உதிர்ந்த இலைகளால் பெரிய சித்திரம் செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். வகுப்பில் முதல் பரிசு வாங்கியது நான். சங்கம் கூப்பிட்டது அவளை.

கொழும்பில் காலை ஐந்தரைக்கு பஸ் ஏறினேன். இரத்தினபுரி நூறு கிலோமீற்றர், மூன்றரை மணி நேரம். அங்கிருந்து நிவித்திகலைக்கு இன்னொரு பஸ். கடைசி மூன்று கிலோமீற்றருக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

"செல்வி டீச்சரப் பாக்க வந்தீங்களா? எங்க வீட்டுக்காரியும் அங்கதாங்க நிக்கிறா," என்றார் டிரைவர். அப்போதே எனக்கு வயிறு எரிந்தது.

இலை உதிரும் நாட்களில் மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் பால் வெட்டு இல்லை. பெண்களுக்கு நேரம் இருந்தது. ஒவ்வொருத்தியும் தான் பால் வெட்டும் மரங்களின் அடியில் மட்டும் சிவந்த இலைகளை வட்டமாக அடுக்கினாள். அடுத்தவள் மரத்தடியில் கை வைப்பதில்லை. வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டபடி மேடு முழுக்க ஏறின. அழகாக இருந்தது. சொல்ல எரிச்சலாக இருக்கிறது.

"எனக்கு எந்த மரம்?" என்று சங்கத் தலைவி மாரியாயியிடம் கேட்டேன்.

"நீங்க வெட்டுற மரம் இங்க இல்லீங்களேம்மா. உக்காந்து பாருங்க, தேத்தண்ணி கொண்டாறேன்."

"செல்வி மட்டும் பால் வெட்டுறாளா?"

"டீச்சருக்கு என் மரத்துல ஒண்ணைக் குடுத்தேங்க. எம் மகள ஓ லெவல் பாஸ் பண்ண வச்சவங்க."

மத்தியானம் எல்லோரும் சாப்பிட லயத்து வீடுகளுக்கு இறங்கினார்கள். படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி நான் நின்றுகொண்டேன். செல்வியின் வட்டத்தைக் காலால் கலைத்தேன். இரண்டு உதை போதுமாக இருந்தது.

"ஐயோ, பன்னி வந்து கெளறிருச்சே!" என்றாள் திரும்பி வந்த மாரியாயி. நானும் ஆமாம் என்றேன்.

செல்வி கோபப்படவில்லை. "வா, ரெண்டு பேருமா போடுவோம்," என்று கூடையை என்னிடம் நீட்டினாள். ஒன்றரை மணி நேரம் அடுக்கினோம். முடிந்ததும் பெண்களைக் கூப்பிட்டு, "பாருங்க, என் கைய விட இவ கைதான் நேர்த்தி. படிக்கிறப்பவே அப்படித்தான்," என்றாள். அந்த வார்த்தைக்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். காதில் விழுந்தபோது குனிந்த தலையை நிமிர்த்த முடியவில்லை.

வருடா வருடம் செய்கிறார்கள்; போக நினைப்பவர்கள் பெப்ரவரி நடுவில் போங்கள். மழை பிடித்தால் இலை கறுத்துவிடும். காலில் ஏறும் அட்டைக்கு உப்பு வேண்டும். அடையாள அட்டையை மறக்காதீர்கள், வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பார்க்கிறார்கள்.

இந்த வருடம் மாரியாயி எனக்கும் ஒரு மரம் ஒதுக்கியிருப்பதாகச் செல்வி சொல்லி அனுப்பியிருந்தாள். நான் போகவில்லை. செல்வி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். அன்றைக்குப் பன்றி வரவில்லை.