பாதிக் கையெழுத்து

கர்ணன் என்ற பெயரை வைத்தவர் மயிலாடும்பாறைப் பள்ளிக்கூடத்து வாத்தியார். வீட்டில் வைத்த பெயர் மொக்கைச்சாமி. ஆஜர்ப் பட்டியலில் ஏற்கெனவே நாலு மொக்கைச்சாமிகள் இருந்தார்கள். ஐந்தாவதை எழுத வாத்தியாருக்கு அலுப்பாக இருந்தது.

"ஒம் பேரு இனிமே கர்ணன்" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பெயரோடு அவன் ஊரில் ஐந்தாவது முடித்தான். பிறகு பெரியகுளத்தில் சர்க்கார் விடுதியில் சாப்பிட்டுக்கொண்டு ஹைஸ்கூல் படித்தான். 1935இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். அவர்கள் தெருவில் அவனுக்கு முன் யாரும் அதுவரை போனதில்லை.

குற்றப் பரம்பரை என்று அவர்கள் சாதி ரேகைச் சட்டத்தில் இருந்தது. பதினெட்டு வயதான ஆண் எவனும் பத்து விரலையும் மையில் அமுக்கிப் பதிய வேண்டும். பொழுது சாய்வதற்குள் சாவடிக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டு, விடியும்வரை அங்கேயே படுத்திருக்க வேண்டும். வெளியூர் போவதானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அதில் பெயர், அங்க அடையாளம், போகிற ஊர், திரும்புகிற நாள், எல்லாம் எழுதிச் சீல் வைத்துத் தருவார்கள். திருடினவனுக்கும் திருடாதவனுக்கும் ஒரே சட்டம்.

கர்ணனின் அப்பா தவசி திருடாதவர். மூன்று குறுக்கம் மானாவாரி நிலத்தில் சோளமும் மொச்சையும் போட்டுப் பிழைத்தார். பதினைந்து வருஷத்தில் ஒரு நாள்கூடச் சாவடிக்குத் தவறியதில்லை. சீட்டு வாங்கிப் போன இடங்களிலிருந்து ஒரு நாள் பிந்தித் திரும்பியதில்லை. இதைச் சாவடி ஏட்டு இரண்டு மூன்று தடவை மற்றவர்களிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறார். தவசி அதை மறக்கவில்லை.

கர்ணனுக்கு அப்போது பதினேழு முடிந்திருந்தது.

"காலேஜுல படிக்கிற பயன்னா பேர ஏத்தாம விட்டுறலாம்யா. அங்கனருந்து ஒரு கடுதாசி வாங்கிக் குடுத்துரு, மேல எழுதிர்றேன்" என்று ஏட்டு சொன்னார்.

கர்ணனின் அம்மா மூக்கம்மாளுக்குக் காலேஜ் என்றால் என்னவென்று தெரியாது. "அங்கன போனா எம் பிள்ள வெரல்ல மை ஒட்டாதுல்ல? அது போதும்" என்றாள்.

மதுரையில் ஒரு காலேஜில் இன்டர்மீடியட் வகுப்புக்கு இடம் கிடைத்தது. சேரும்போது தகப்பன் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தவசி மூன்று நாளைக்குச் சீட்டு வாங்கினார். ஆண்டிபட்டிக்கு நடந்து போய் ரயில் ஏறினார்கள்.

மதுரையில் இறங்கியதும் தவசி முதலில் விசாரித்தது போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி. வந்து சேர்ந்ததைச் சொல்லிச் சீட்டில் சீல் வாங்க வேண்டும். கர்ணன் பத்தடி தள்ளி நடந்தான். ஸ்டேஷனில் சீல் வைத்துக்கொடுத்து, இரண்டு ராத்திரியும் இங்கேயே வந்து படு என்றார்கள்.

தவசிக்கு அது சந்தோஷமாக இருந்தது. "பாத்தியாடா? சீட்டுன்னு ஒண்ணு இருந்தா எந்தச் சீமையிலயும் எடம் உண்டு" என்றார்.

காலேஜில் குமாஸ்தா ஒரு தாளைக் கொடுத்தார். விடுதியில் இடம் முடிந்துவிட்டது. வெளியில் தங்குகிற மாணவன் எந்த வீட்டில், யார் பொறுப்பில் இருக்கிறான் என்று அந்த வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் தாள் வராவிட்டால் இடம் அடுத்தவனுக்கு.

அன்று புதன்கிழமை. சீட்டும் வெள்ளியோடு முடிகிறது.

வியாழக்கிழமை முழுக்க நடந்தார்கள். தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு வீட்டில் மாடியறை காலி என்று சொன்னார்கள். கதவை ஒரு சாண் திறந்து ஒரு அம்மாள் கேட்டாள்:

"நீங்க என்ன ஆளுக?"

"விவசாயங்க" என்றான் கர்ணன்.

"அது தொழிலு. நான் ஆளக் கேட்டேன்."

அவன் பதில் தேடுவதற்குள் கதவு மூடிவிட்டது.

அடுத்தது ஒரு சாதிச் சங்கத்தின் சத்திரம். மாணவர்கள் தங்க நாலு அறை இருந்தது. எந்தச் சங்கம் என்பது வாசலிலேயே பெரிதாக எழுதியிருந்தது. கர்ணன் அதைப் படித்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பினான். எழுத்துத் தெரியாத தவசி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

மூன்றாவது வீட்டில் இருந்த பெரியவர் நல்ல மாதிரி. படிக்கிற பையன் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். "சைவந்தானே?" என்று மட்டும் கேட்டார்.

கர்ணன் வாயைத் திறப்பதற்குள் தவசி, "வெள்ளி செவ்வா சைவந்தானுங்க" என்றார்.

"அப்ப மத்த அஞ்சு நாளைக்கு வேற வீடு பாக்கணுமே" என்றார் பெரியவர். அவர் கேலியாகச் சொன்னது தவசிக்குப் புரியவில்லை. ஐந்து நாளைக்கு ஒரு வீடு, இரண்டு நாளைக்கு ஒரு வீடு என்று மதுரையில் வழக்கம் இருக்குமோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார்.

இரண்டு ராத்திரியும் கர்ணன் ஸ்டேஷன் வராந்தாவில் அப்பா பக்கத்தில் படுத்தான். அந்த ஊரில் அவர்களை யாரென்று தெரிந்துகொண்டு இடம் கொடுத்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கீழமாசி வீதியில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு குரல் கேட்டது.

"ஏலே, மூட்டய அங்கன போடாத, இங்கன போடு! ஒன்னப் பெத்தாகளா, செஞ்சாகளா?"

கர்ணன் நின்றுவிட்டான். மூன்று நாளாக அப்பாவிடம் தவிர வேறு எங்கும் கேட்காத ஊர்ப் பேச்சு. பலசரக்குக் கடை. கல்லாவில் இருந்தவர் சுமைதூக்குகிறவரைத் திட்டிக்கொண்டிருந்தார். போர்டில் தேவதானப்பட்டி பொன்னுராஜ் என்று இருந்தது.

கர்ணன் கிட்டப் போய் வணக்கம் சொல்லி, மயிலாடும்பாறை என்றான்.

"அட, நம்ம பக்கமா! வாங்க, வாங்க. வெயில்ல ஏன் நிக்கிறீக? உள்ள வாங்கய்யா." தவசிக்கு ஒரு மூட்டையைக் காட்டி உட்காரச் சொன்னார். "ஒங்க ஊரு மொச்ச எப்படி, நல்லா வெளஞ்சிருக்கா? இந்த ஊர்லயும் மொச்சன்னு ஒண்ணு விக்கிறாக. கூடவே ஒரு கல்லப் போட்டு வேக வையிங்க, கல்லு மொதல்ல வெந்துரும்."

கர்ணன் விஷயத்தைச் சொன்னான். கடைக்கு மேலே ஒரு அறை இருந்தது. மிளகாய் வற்றல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"நெடி இருக்கும். தும்மிக்கிட்டே படிப்பியா?"

"படிப்பேங்க."

"பேரு?"

"கர்ணன்."

"நல்ல பேருய்யா. கேட்டா இல்லன்னு சொல்ல மாட்ட." அவரே சிரித்தார். தாளை வாங்கி எட்டப் பிடித்துப் படித்தார். "இதுல கையெழுத்துப் போட்டா பயலுக்கு நாந்தான் பொறுப்பு, அப்படித்தான? சரி, பரீச்சையில பெயிலாப் போனா அடி யாருக்கு? எனக்கா?"

தவசி சிரித்தார். ஊரை விட்டு வந்தபின் அப்போதுதான் சிரித்தார்.

பொன்னுராஜ் கட்டைப் பேனாவை மையில் தொட்டு, கடை விலாசத்தை எழுதிவிட்டு, கையெழுத்துப் போட ஆரம்பித்தார். எழுத்தெழுத்தாக அழுத்தி எழுதுகிற கை. பொ எழுதினார். ன் எழுதினார். மறுபடி மை தொடப் பேனாவைத் தூக்கியவர், சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஆமா, ஊர்ல ஒங்களுக்கு யார யாரத் தெரியும்? நாள மறுநா எவனாச்சும் கேட்டா, இன்னாருக்கு வேண்டியவுகன்னு ஒரு பேரு சொல்லணும்ல?"

வாத்தியார் பெயரைச் சொல்லலாம் என்று கர்ணன் நினைத்தான். அதற்குள் தவசியின் கை மடிக்குள் போய்விட்டது.

"யாரு பேரும் வேண்டியதில்லீங்க. இந்தா பாருங்க, சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கு. ரெண்டு சீலு. இது நம்ம ஊரு, இது மதுர. பதினஞ்சு வருசம், ஒரு நா தப்புனதில்ல. ஏட்டையாவே சொல்லுவாக."

பொன்னுராஜ் சீட்டைப் படிக்கவில்லை. தெப்பக்குளத்து அம்மாளிடம் காட்டியிருந்தால் சர்க்கார் சீலைப் பார்த்து மரியாதை கொடுத்திருந்தாலும் கொடுத்திருப்பாள். தேவதானப்பட்டிக்காரருக்கு அது என்ன தாள் என்று மடிப்பைப் பிரிக்காமலே தெரியும்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இத நீ மொதல்லயே சொல்லியிருக்கணும்யா."

தவசி இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். "நீ" என்றதைக் கர்ணன் கவனித்தான்.

"எம் பேரு அதுல இல்லீங்க" என்றான்.

"இன்னும் இல்லன்னு சொல்லு."

பொன்னுராஜ் குரலை இறக்கிச் சொன்னார்: "எனக்கு ஒங்க மேல ஒண்ணுமில்லப்பா. நாளைக்கு இந்தத் தெருவுல ஒரு பூட்டு ஒடஞ்சா, போலீசுக்காரக மொதல்ல எம் மாடிக்குத்தான் ஏறி வருவாக. பொண்டு பிள்ளக இருக்கிற வீடு. நீயே சொல்லு."

தவசி என்ன சொல்வார்? "அது சரிதானுங்க" என்றார். பழக்கம்.

பொன்னுராஜ் தாளைத் திருப்பிக் கொடுத்தார். தொங்கிக்கொண்டிருந்த தாரிலிருந்து நாலு வாழைப்பழத்தைப் பிய்த்துக் கொடுத்தார். தவசி வாங்கிக்கொண்டார்.

தெருவில் கர்ணன் வேகமாக நடந்தான். தவசியால் கூட வர முடியவில்லை.

"ஏன்யா அத எடுத்தீக?"

"கேட்டாகல்ல?"

"கேட்டா? வாத்தியாருன்னு சொன்னாப் பத்தாதா?"

"வாத்தியாரு ஒத்த ஆளு. சர்க்கார விட எவன்டா சாச்சி?" என்றார் தவசி. கொஞ்ச தூரம் போனபின், "அவுக படிக்கவே இல்லையேப்பு. படிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும், ஒரு நா தப்புனதில்லன்னு" என்றார்.

கர்ணன் நடையைத் தளர்த்தினான். அப்பாவுக்கு அந்தத் தாளைத் தவிர நல்ல பெயர் என்று வேறு எதுவும் இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

காலேஜ் வராந்தாவில் ஒரு மேஜை மேல் மைக்கூடும் பேனாவும் கிடந்தன. பையன்கள் தாளை நிரப்பிக் கொடுப்பதற்காக வைத்தவை. மணி மூன்றரை. தாளில் விலாசத்துக்குக் கீழே பொன் என்று இருந்தது. இன்னும் மூன்று எழுத்துதான் வேண்டும். கர்ணனுக்கு எந்தக் கையெழுத்தையும் பார்த்து எழுத வரும். பெரியகுளத்தில் அவன் எழுத்தைக் கண்டு டிராயிங் மாஸ்டரே ஆச்சரியப்பட்டிருக்கிறார். யாரும் போய்க் கேட்கப் போவதில்லை.

பேனாவை எடுத்தான். மை தொட்டான். ஒரு பையன் வந்து, "எழுதப் போறீங்களா இல்லையா?" என்றான்.

எழுதினால் சட்டம் அவனைப் பற்றிச் சொல்வது சரி என்றாகிவிடும். எழுதாவிட்டாலும் சட்டம் சொல்வதைத்தான் சொல்லப் போகிறது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தான். பேனா நுனியில் மை காய்ந்தது. பேனாவை அந்தப் பையனிடம் கொடுத்தான்.

குமாஸ்தா தாளைப் பார்த்தார். "என்னப்பா இது, பொன்னுன்னு போட்டிருக்கு? பொன்னு வச்சிருந்தா எடு, ஒடனே சேத்துக்கறேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாலு மணிக்கு அவர் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு பையன். அவனோடு வந்திருந்த மாமா வாசலிலேயே குனிந்து சாமி கும்பிட்டார்.

தவசி சீட்டில் எழுதியிருந்தபடி அன்றைக்கே மகனோடு ஊர் திரும்பினார்.

"அடுத்த வருசம் பாப்போம்" என்று மூக்கம்மாள் சொன்னாள். அடுத்த வருஷத்துக்கு முன்னால் மாசி மாதம் வந்தது. கர்ணனுக்குப் பதினெட்டு முடிந்தது. சாவடியில் பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து உருட்டிப் பதிந்தார்கள். மூக்கம்மாள் புளி போட்டுத் தேய்த்து விட்டாள். மை ஒரு வாரத்தில் போய்விட்டது.

சாவடியில் பெயர் எடுக்கும்போது ஏட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். "நீ எஸ்.எஸ்.எல்.சி.யில்ல? இங்கிட்டு வந்து ஒக்காரு. எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு. இவனுகளப் பூராம் நீ எழுது."

அன்றிலிருந்து பதிவேட்டைக் கர்ணன் எழுதினான். சாயங்காலம் ஒவ்வொருவராக வந்து பெயர் சொல்வார்கள். கருத்தக்கண்ணன். சங்கிலி. சுருளியாண்டி. மொக்கைச்சாமிகள் ஒன்பது பேர் இருந்தார்கள். தவசி வந்து நிற்பார். அவரும் மற்றவர்களைப் போலவே பெயரை வாய்விட்டுச் சொல்வார். அவன் எழுதுவான். கடைசியில் தன் பெயரை எழுதுவான். ஊர்க்காரர்கள் அவனைக் கொஞ்ச நாள் ஏட்டு என்று கேலி செய்தார்கள். பிறகு அதுவே கூப்பிடுகிற பெயராகிவிட்டது. பெண் கேட்டுப் போன இடத்திலும் அப்படித்தான் சொன்னார்களாம். சட்டம் போனது நாற்பத்தேழில். அதுவரை பதினோரு வருஷம் எழுதினான்.

முதல் வருஷத்தில் ஒரு நாள் தவசி வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ஏட்டையா சொன்னாக" என்றார்.

"என்னன்னு?"

"ஒன் எழுத்து அச்சு அடிச்சாப்ல இருக்காம். மேலருந்து வந்த தொர பாத்துட்டு, எந்த ஊர்லயும் இப்படி ரிஜிஸ்தரு இல்லன்னுட்டுப் போனாகளாம்." அவர் முகம் மலர்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் கர்ணன் எழுத்தை வேண்டுமென்றே கோணலாக எழுதிப் பார்த்தான். ஏட்டு அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் முதலிலிருந்து எழுதச் சொன்னார். எழுதினான்.